எல்லை தீர்ந்ததும் எடுத்துக்கொள்கிறேன்

சித்தூரில் எங்கள் வீட்டுக்குள் அம்மா நேராக நடந்து நான் பார்த்ததில்லை. ஒருக்களித்துத்தான் நடப்பாள். வலது தோளை முன்னால் கொடுத்து, வயிற்றை எக்கி, முந்தானையை ஒரு கையால் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவாள். வழியை அடைத்துக்கொண்டு கிடந்ததெல்லாம் என் பெரியநைனா வீட்டுச் சாமான். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். பெரியநைனா அவருக்கு அண்ணன்.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்தபோது அண்ணனும் தம்பியும் சித்தூரில் சர்க்கார் குமாஸ்தாக்கள். இனிமேல் ஆபீசில் எல்லாம் தெலுங்கில்தான் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, பெரியநைனா மெட்ராஸ் பக்கமே வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். மெட்ராஸ் சர்க்கார் அவரைத் தூக்கித் திருநெல்வேலிப் பக்கம் போட்டது. மனுஷர் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. அப்போது எங்கள் ஊரில் எந்தக் காபிக் கடையில் நின்றாலும் இதே பேச்சு. சித்தூர் யார் பக்கம், திருத்தணி யார் பக்கம், நகரியும் புத்தூரும் யார் பக்கம் என்று ஆளாளுக்கு மேஜையில் விரலால் எல்லை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியநைனா போட்ட எல்லையில் சித்தூர் மெட்ராஸோடு இருந்தது.

"ஆறு மாசம், மிஞ்சிப்போனா ஒரு வருசம்," என்றார் அவர். "எல்லை தீர்ந்ததும் சித்தூரு நம்ம பக்கம் வந்துடும். நானும் இங்கியே வந்துடுவேன். அதுக்குள்ள இம்மாஞ் சாமானையும் ரயில்ல ஏத்தி ஒடைக்கணுமா? உங்க வூட்ல கெடக்கட்டும். எல்லை தீர்ந்ததும் எடுத்துக்கறேன்."

நைனா தலையாட்டினார். அண்ணன் எதைச் சொன்னாலும் ஆடுகிற தலை அது. அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களுடையது இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீடு. அதற்குள் ஒரு தேக்குப் பீரோ வந்தது, அதன் ஒரு கதவைச் சாத்த முடியாது. இரும்புக் கட்டில்கள் வந்தன. மரப்பெட்டிகள், அண்டா, தவலை, சுருட்டிக் கட்டிய மெத்தைகள், காலொடிந்த மேஜை, வாய் தைத்த கோணி மூட்டைகள். கடைசியாக ஒரு மரத்தொட்டில் வந்தது. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பிறக்கும் என்று வாங்கி வைத்து, பிறக்காமலே பழசாகிப்போன தொட்டில். அதை உத்திரத்துக்குக் கீழே, மூட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார்கள்.

எல்லாம் உள்ளே வந்த பிறகு பெரியம்மா ஒரு வேலை செய்தாள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்துக் காய வைத்தாள். காய்ந்ததும் சின்னச் சின்னதாகக் கிழித்தாள். துண்டுக்கு ஒரு காசாக வைத்து முடிந்து, சாமானுக்கு ஒன்றாகக் கட்டினாள். பீரோவின் கைப்பிடியில் ஒன்று, அண்டாவின் காதில் ஒன்று, கட்டில் காலில் ஒன்று, மூட்டையின் கழுத்தில் ஒன்று.

ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டால் அது சாமி சொத்து. வேண்டியது பலித்ததும் அந்த முடிச்சை மலைமேல் கொண்டுபோய் உண்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை அதை அவிழ்ப்பது குற்றம். காய்ச்சல் வந்த குழந்தைக்காக முடிவார்கள், கோர்ட்டில் வழக்கு கிடந்தால் முடிவார்கள். கோணி மூட்டையைக் காவல் காக்கச் சாமியை உட்கார வைத்தது எனக்குத் தெரிந்து என் பெரியம்மா ஒருத்திதான்.

"எல்லை நம்ம பக்கமே தீரணும்னு முடிஞ்சிக்கீறேன்," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "தீர்ந்ததும் நானே வந்து அவுத்து மலைக்குக் கொண்டும்போறேன். அதுக்கு முன்னாடி யாருனா தொட்டீங்க, நவுத்தனீங்க, சாமி குத்தம் ஆயிடும். அப்புறம் என்ன வந்து கேக்காதீங்க."

பூட்டுப் போட்டிருந்தால்கூட நைனா என்றைக்காவது ஒரு நாள் திறந்திருப்பார். முடிச்சைத் தொடும் துணிச்சல் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

அப்படித்தான் அம்மா ஒருக்களித்து நடக்கப் பழகினாள். முன்னறையில் ஓர் ஆள் நீளத்துக்குத் தரை மிச்சம் இருந்தது, அதில் நைனா படுப்பார். பீரோவுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் அம்மாவும் நானும். நான் சின்னவள், எனக்குப் போதும். அம்மா முழங்காலை மடக்கி நெஞ்சில் ஒட்டிக்கொண்டு படுப்பாள். இந்தப் பக்கம் புரண்டால் பீரோ, அந்தப் பக்கம் புரண்டால் கோணி. கோணிக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அம்மா தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த ஒரே டிரங்குப் பெட்டிக்கு வீட்டுக்குள் இடமில்லாமல் போய், அது கொல்லையில் குளிக்கிற மறைப்புக்குப் பக்கத்தில் மழையில் நனைந்து துருப்பிடித்தது. அதில் யாரும் மஞ்சள் துணி கட்டியிருக்கவில்லை.

ஆறு மாசம் போனது. ஒரு வருஷமும் போனது. எல்லை தீரவில்லை. தலைவர்கள் கூடினார்கள், கலைந்தார்கள். திருத்தணியில் ஊர்வலம், புத்தூரில் கூட்டம் என்று செய்தி வரும். சட்டையைக் கழற்றி மாட்ட ஆணி தேடிக்கொண்டே நைனா சொல்வார், "பேசிக்கினு கீறாங்க." அம்மா அவர் முகத்தைப் பார்ப்பாள். எல்லை எந்தப் பக்கம் தீர்ந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். அவளுடைய எல்லை பீரோவிலிருந்து மூட்டை வரைக்கும்.

வருஷத்துக்கு ஒரு தரம் பெரியம்மா திருப்பதிக்கு வருவாள். போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கி முடிச்சுகளைப் பார்வையிடுவாள். கண்ணாடி போட்ட பரீட்சை வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு தடவை மழை ஒழுகி ஒரு மூட்டை நனைந்துவிட்டது. அதை அம்மா அரை முழம் இந்தப் பக்கம் இழுத்துவிட்டிருந்தாள். பெரியம்மா தரையில் தேய்ந்திருந்த தடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு நவுத்தனது?"

"தண்ணி ஒழுகிச்சிக்கா. நனைஞ்சிடுமேன்னு..."

"சாமி மூட்டைய நனைய விடறதும் காயவைக்கறதும் சாமி பாத்துக்கும். நீ யாரு? வுழுந்து கும்புடு."

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா சுவரைப் பார்த்தார். விழுந்து கும்பிட அங்கே இடம் ஏது? அம்மா முழங்காலில் உட்கார்ந்து, மூட்டையின் மேல் நெற்றியை வைத்து, தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எழுந்தபோது நெற்றியில் கோணியின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது. பெரியம்மா அதற்குப் பிறகு திருப்தியாகக் காபி குடித்தாள். அவளை நான் அன்றைக்கு வெறுக்க ஆரம்பித்தேன், இத்தனை வருஷத்தில் அந்த வெறுப்பு ஓர் இழைகூட நைந்துபோகவில்லை.

அதற்கப்புறம்தான் அம்மா சாமான்களோடு பேச ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பீரோவைத் தாண்டும்போது, "கொஞ்சம் வழி வுடுக்கா," என்பாள். பீரோவைத்தான் அக்கா என்றாள். மூட்டைகளை "நீங்க, வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். அப்புறம் தெருவிலும் ஒருக்களித்து நடக்க ஆரம்பித்தாள். அகலமான தெரு, வண்டிகூட இல்லை. என் அம்மா தோளை முன்னால் கொடுத்து, வயிற்றை எக்கி, இல்லாத பீரோவுக்கும் இல்லாத மூட்டைக்கும் நடுவில் புகுந்து புகுந்து தண்ணீர்க் குடத்தோடு வருவாள். பின்னாலேயே தெருப் பிள்ளைகள் அதே மாதிரி தோளைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். நண்டு, நண்டு என்று கத்துவார்கள்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்த வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரி. அவள் ஒரு நாள் நைனாவிடம் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் சொன்னாள். "ஏமய்யா, மீ சம்சாரத்துக்குப் பைத்தியம்லாம் இல்ல. இண்டிநிண்டா, வூடு பூரா சாமான் அடைச்சி வெச்சா மனுசி எக்கட இருப்பா? அந்தச் சாமான வெளிய போடு, சரியாப் போவும்."

டாக்டரிடம் போனாலும் அதைவிட நல்ல வைத்தியம் கிடைத்திருக்காது, அதுவும் சும்மா கிடைத்த வைத்தியம். நைனா சிரித்து மழுப்பிவிட்டு வந்தார். உள்ளே வந்ததும் அம்மாவின் தலையில் ஓங்கிக் குட்டினார். "வூட்டு விசயத்த பக்கத்துப் போர்சன்ல போய் அளந்துக்கினு கீறியா?"

நான் பெரியவளானது அந்தச் சமயத்தில்தான். பெண்ணை உட்கார வைக்க வீட்டில் ஒரு மூலை வேண்டும். எங்கள் வீட்டில் மூலை என்று ஒன்று கிடையாது. எல்லா மூலையிலும் சாமி சொத்து உட்கார்ந்திருந்தது. அம்மா ஜன்மத்தில் முதல் தடவையாக நைனாவிடம் ஒன்று கேட்டாள். ஒரே ஒரு மரப்பெட்டியை வெளியே எடுத்து வைக்கலாமா, பெண்ணுக்கு அந்த இடம் போதும் என்றாள்.

"அண்ணிக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமில்ல?" என்றார் நைனா.

என்னைக் கொல்லையில், குளிக்கிற மறைப்புக்குள், அம்மாவின் துருப்பிடித்த டிரங்குப் பெட்டி மேல் உட்கார வைத்தார்கள். மேலே ஓலை. ஐப்பசி மாசம். சொந்தக்காரர்கள் புட்டும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து, குடை பிடித்துக்கொண்டு எனக்கு ஊட்டிவிட்டுப் போனார்கள். எனக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. வீட்டுக்குள் தொட்டில் நனையாமல் இருந்தது.

என் காய்ச்சல் இறங்கிய பிறகு அம்மாவுக்கு மூச்சடைப்பு ஆரம்பித்தது. சோறு வடித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். வாயைத் திறந்து காற்றைக் கடித்துக் கடித்து விழுங்குவாள். ஒரு மத்தியானம் அவளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில், சுட்டெரிக்கிற வெயிலில், நட்டநடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நைனா அவளை முடியைப் பிடித்துத்தான் வீட்டுக்கு இழுத்து வந்தார். தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது.

இதைக் கேள்விப்பட்டு வந்த பெரியம்மா, தன் கையிருப்பிலிருந்து இன்னொரு மஞ்சள் துணியை எடுத்தாள். காசை முடிந்தாள். அம்மாவின் இடது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். "புத்தி தெளியணும்னு முடிஞ்சிக்கீறேன். தெளிஞ்சதும் நானே அவுக்கறேன். நீயா அவுக்காத."

அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் பீரோவின் கைப்பிடியைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் முடிச்சுப் போட்ட சாமான்களில் அவளும் ஒன்று.

கடைசியில் ஒரு நாள் எல்லை தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வந்தன. சித்தூர் இருந்த இடத்திலேயே இருந்தது. நைனா ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் மிச்சமிருந்த தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அம்மா சமையலறை வாசற்படியில் நின்று கேட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தெளிவான குரலில் பேசினாள்.

"அப்ப சாமான எப்ப எடுத்துக்கினு போவாங்க?"

"எதுக்கு எடுக்கணும்? சித்தூரு நம்ம பக்கம் வர்லியே. அண்ணன் இனிமே இங்க வரப்போறதில்ல. அங்க அவரு எல்லாம் புச்சா வாங்கிட்டாரு."

"அப்ப வெளிய போட்டுடலாமா?"

"எப்பிடிப் போடுவ? எல்லை நம்ம பக்கம் தீரணும்னு இல்ல அண்ணி முடிஞ்சது? வேண்டுதல் பலிக்கல. பலிக்காத முடிச்ச எப்பிடி அவுக்கறது? கெடக்கட்டும்."

"எது வரிக்கும்?"

"கெடக்கட்டும்னா கெடக்கட்டும்."

இத்தனை வருஷமாக அம்மா தாக்குப்பிடித்தது, என்றாவது ஒரு நாள் எல்லை தீரும் என்ற ஒரே நம்பிக்கையில். தீர்ந்துவிட்டது. தீர்ந்ததனாலேயே சாமான் இனி எந்தக் காலத்திலும் போகாது. நைனா இதைச் சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னார். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும் அம்மா அரிவாள்மணையை எடுத்தாள். நான் வாசற்படிக்குப் பின்வாங்கினேன். அவளோ ஒவ்வொரு முடிச்சையும் துணியோடு அறுத்து மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். பீரோ, கட்டில், அண்டா, மூட்டை. கடைசியில் மூட்டைமேல் ஏறித் தொட்டிலில் இருந்ததையும் அறுத்தாள். எல்லாவற்றையும் முந்தானையில் கட்டிக்கொண்டாள்.

"சாமி குத்தம் ஆயிடும்மா," என்றேன்.

"சாமி காச சாமிகிட்ட சேக்கறதுல இன்னா குத்தம்? கெளம்பு."

திருப்பதி பஸ்ஸில் வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தாள். மலைக்குப் போகிற பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது எனக்குக் குமட்டியது, அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நின்றோம். அந்த நெருக்கத்தில் அவள் மூச்சடைத்து விழுந்துவிடுவாள் என்று பயந்துகொண்டே அவள் இடுப்பைப் பிடித்திருந்தேன். அவள் அசையவில்லை. சாமியை அவள் சரியாகப் பார்த்தாளா என்பதே எனக்குச் சந்தேகம். உண்டியலுக்கு வந்ததும் முந்தானையை அவிழ்த்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். ஒவ்வொன்றுக்கும், "இது பீரோ, இது அண்டா," என்று சாமிக்குக் கணக்கு ஒப்பித்தாள். பின்னால் நின்றவர்கள் தெலுங்கில் திட்டினார்கள்.

எல்லாம் போட்டு முடிந்ததும் இடது கையை என்னிடம் நீட்டினாள். பெரியம்மா போட்ட முடிச்சு வியர்வையிலும் தண்ணீரிலும் ஊறி இறுகிக் கல்லாக இருந்தது. விரலுக்கு அகப்படவில்லை.

"பல்லால கடி," என்றாள்.

கடித்தேன். மஞ்சளும் அழுக்கும் உப்பும் கலந்த ருசி. அறுந்து என் வாயோடு வந்ததை அவளே வாங்கி உண்டியலில் போட்டாள். "இது நானு," என்றாள்.

அன்று பஸ் தப்பிவிட்டது. சத்திரத்தில் தங்கி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தோம். நைனா வாசலிலேயே நின்றிருந்தார். நான் பார்க்கப் பார்க்க அம்மாவைச் செருப்பால் அடித்தார். அடித்து முடித்து, மணியைப் பார்த்து, அதே செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்ததும் மிச்ச அடி இருக்கிறது என்று போகும்போது சொன்னார்.

அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். வீட்டுக்காரம்மாவின் வேலைக்காரனைக் கூப்பிட்டு, பீரோவையும் கட்டில்களையும் தெருவில் இறக்கினாள். மற்றதை நானும் அவளும் இழுத்தோம். மரப்பெட்டிகளைத் திறந்தால் உள்ளே கரையான் தின்று மிச்சம் வைத்த புடவை ஓரங்கள். மெத்தைக்குள் எலிப் புழுக்கை. தவலை எல்லாம் அடி ஓட்டை. ஒரு மூட்டையில் கொட்டாங்கச்சி. ஒன்றில் உடைந்த ஓடு. அம்மா விழுந்து கும்பிட்ட அந்த மூட்டையை நானே பிரித்தேன். அடுப்பெரிக்கிற வரட்டி. வருஷக்கணக்காக நாங்கள் சாணியைக் காவல் காத்திருக்கிறோம். அவர்கள் வீட்டைக் காலி பண்ணும்போது தூக்கிப் போடச் சோம்பல்பட்டதையெல்லாம் என் அம்மாவின் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்மா அதைப் பார்த்து அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "வேணும்னறவங்க எடுத்துக்கினு போங்க," என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். மத்தியானத்துக்குள் தெரு துடைத்து எடுத்துவிட்டது. நண்டு என்று கத்தின பிள்ளைகளின் தாய்மார்கள்தான் முதலில் வந்தார்கள். தொட்டிலை மட்டும் அம்மா துடைத்து, எண்ணெய் போட்டு, வீட்டுக்காரம்மாவின் பெண்ணுக்குக் கொடுத்தாள். அவளுக்கு அது பிரசவ மாசம்.

பிறகு வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். தரை என்ன நிறம் என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன், சிவப்பு. ஈரம் காய்ந்ததும் அறையின் நடுவில் மல்லாந்து படுத்தாள். காலை நீட்டினாள். கையை இரண்டு பக்கமும் விரித்தாள். எந்த விரலும் எதிலும் இடிக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனாள். முகத்தில் செருப்படியின் தடம் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தோடு அவள் தூங்கிய மாதிரி யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது என் பேத்தி கைப்பேசியில் யாரோ ஒரு பெண் பேசுவதைப் போட்டுக் காட்டுகிறாள். வேண்டாத சாமானை வெளியே போட்டால் மனசு லேசாகுமாம், தூக்கம் வருமாம், படபடப்பு அடங்குமாம். உண்மைதான். நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் மனசு லேசாகி ஒருத்தி எழுந்து நின்றால், அவளை வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் வீட்டில் எல்லாரும் நல்லவர்களாக இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வந்து வெறும் வீட்டைப் பார்த்ததும் நைனா அண்ணனுக்குத் தந்தி கொடுத்தார். அண்ணனும் அண்ணியும் வந்து இறங்குவதற்குள் ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த ஒரு வாரமும் அம்மா வீட்டுக்குள் நேராக நடந்தாள். சமைக்கும்போது வாய்க்குள் ஏதோ பாடினாள். பீரோ இருந்த வெறும் இடத்தைத் தாண்டும்போது, பழக்கதோஷத்தில் தோளைத் திருப்பி, அப்புறம் தானே சிரித்துக்கொண்டு நிமிர்வாள். நைனாவுக்கோ வெறும் வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. பேசினால் சுவர் திருப்பிப் பேசுகிறது என்று புலம்பினார்.

பெரியநைனா உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "போன சாமான் போவட்டும், எல்லாம் ஒதவாத சாமான்தான்," என்றார். "என்ன ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன். கேக்காம செஞ்சது தப்பா இல்லியா?"

பெரியம்மா பீரோவைக் கேட்கவில்லை, அண்டாவைக் கேட்கவில்லை. பக்கத்துப் போர்ஷனில் குழந்தை அழுகிற சத்தமும், அதை ஆட்டுகிற தொட்டிலின் கிரீச்சும் கேட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரிந்துவிட்டது.

"தொட்டில யாருக்குக் குடுத்த?" என்றாள்.

அம்மா சொன்னாள்.

பெரியம்மா தொட்டில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அவளுக்கும் வலித்திருக்கும். வலித்தது என்பதற்காக அவளை மன்னிக்க என்னால் முடியாது. வலி பொறுக்காமல் அவள் என்ன செய்தாள் என்பதுதானே முக்கியம். நிமிர்ந்து நைனாவிடம் சொன்னாள், "புத்தி கெட்டவகிட்ட வயசுப் பொண்ண வுட்டு வெச்சிருக்க. இன்னிக்கி சாமான வாரிக் குடுத்தா. நாளைக்கிப் பொண்ணையும் யாருக்குனா குடுத்துடுவா."

அவ்வளவுதான் பஞ்சாயத்து. அம்மாவின் பிறந்த வீடு திருத்தணிக்குப் பக்கத்தில். அங்கே அவள் தம்பி, அதாவது என் மாமா, குடும்பத்தோடு இருந்தார். பெரியநைனாதான் தீர்ப்பைச் சொன்னார். "உங்க ஊரு அந்தப் பக்கம் போயிடுச்சி. நீயும் அந்தப் பக்கமே போயி இரும்மா. பொண்ணு இங்க இருக்கட்டும், அவனுக்குச் சோறு வடிக்க ஆள் வேணுமில்ல."

எங்கள் வீட்டிலிருந்து கடைசியாக வெளியே போன சாமான் என் அம்மா. துருப்பிடித்த டிரங்குப் பெட்டியை நைனாவே பஸ் மேல் ஏற்றினார். அப்புறம் தெருவில் வீடு வீடாகப் போய், இரும்புக் கட்டிலையும் மேஜையையும் கெஞ்சித் திரும்ப வாங்கி வந்து போட்டுக்கொண்டார். அந்த இரவிலிருந்து குறட்டை விட்டார்.

நான் சோறு வடித்தேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அம்மா வந்து கூட்டிப்போவாள் என்று தினம் வாசலைப் பார்த்தேன். வரவில்லை. சரி, அவளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நானே கதை கட்டிக்கொண்டேன். தை முடிந்ததும் ஒரு காலையில், நைனா ஆபீசுக்குப் போன பிறகு, என் துணிமணியெல்லாம் ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு திருத்தணி பஸ் ஏறினேன். புதிதாக வந்த எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பார்த்தார்கள். என் மூட்டையை ஒருவன் தடியால் குத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

மாமா வீட்டுப் பின்கட்டில் அம்மா இருந்தாள். மாடு கட்டிய இடமாம், அவளே மெழுகி அறையாக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பாய், ஒரு குடம், கொடியில் ஒரு மாற்றுப் புடவை. டிரங்குப் பெட்டியைக்கூட மாமா பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். உடம்பு தேறி, கன்னம் பூரித்து, கண் தெளிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு தலையை முகர்ந்தாள். மீன் குழம்பு வைத்து, "துன்னு, துன்னு," என்று அள்ளி அள்ளிப் போட்டாள்.

நான் மூட்டையை மூலையில் வைத்தேன். சாப்பிடும்போது அவள் அதைப் பார்த்தாள். எனக்குத் தலை வாரும்போதும் பார்த்தாள். படுக்கும்போது நான் பாயில் அவளை ஒட்டிப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் முழங்காலை மடக்கி நெஞ்சில் ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

காலையில் எழுந்தபோது அவள் வாசலில் நின்று, வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பழைய பயம் வந்தது. திரும்பி வந்து என் மூட்டையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பஸ் நிற்கிற இடம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நான் இங்கியே இருக்கறம்மா," என்றேன். "ஒரு மூலையில இருக்கறேன். எடத்த அடைக்க மாட்டேன்."

"வேணாம்மா. போயி உங்க நைனாகிட்ட இரு." அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "எனக்கு இப்பதான் மூச்சு வருது. நீ மூட்டையோட வந்த, திரும்ப அடைச்சிக்கிச்சி. இன்னொரு தபா அப்பிடி ஆச்சின்னா நான் தெளிய மாட்டேன்."

பஸ் வந்தது. என்னை ஏற்றி, மூட்டையை என் மடியில் வைத்து, என் கன்னத்தைத் தடவினாள். அவளுக்குப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்பது எனக்கு அந்தக் கணத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பஸ் புறப்பட்டதும் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அம்மா ரோட்டின் நடுவில், இரண்டு கையையும் வீசிக்கொண்டு, நேராக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.